சிகிச்சை முடிந்த பின் எங்கே? மீள்வோர் இல்லங்களும் அரிசோனா தந்த பாடமும்

போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பி வைப்பது குறித்து எமது சமூகத்தில் இப்போது ஓரளவு பேசப்படுகின்றது. ஒரு காலத்தில் வீட்டின் பின் அறையில் மறைத்து வைக்கப்பட்ட இந்த விடயம், இன்று பாடசாலை அதிபரும் கிராம சேவையாளரும் ஆலய பரிபாலன சபையினரும் வெளிப்படையாக உரையாடும் ஒன்றாக மாறியிருக்கின்றது. ஆனால் சிகிச்சை முடிந்து அந்த இளைஞன் நிலையத்தின் வாயிலைக் கடந்து வெளியே வரும் நாளைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. தாய் முச்சக்கரவண்டியுடன் வந்து காத்து நிற்கின்றார். மகன் சற்றுச் சதைப்பிடித்து, முகம் தெளிந்து வருகின்றான். வண்டி அவனை எந்தச் சந்தியிலிருந்து ஏற்றிச் சென்றதோ அதே சந்திக்கே திரும்பக் கொண்டு வந்து இறக்கி விடுகின்றது. அங்கே அவனுடைய பழைய நண்பர்கள் நிற்கின்றார்கள். விற்பவனும் நிற்கின்றான்.

இந்த நாள் எத்துணை ஆபத்தானது என்பதை மருத்துவம் நன்கு அறிந்திருக்கின்றது. ஹெரோயின் போன்ற அபின் வகைப் பொருட்களைப் பாவித்து வந்த ஒருவர் சில வாரங்களேனும் அதனைத் தவிர்த்திருப்பாராயின், முன்னர் தாங்கிக்கொண்ட அளவைத் தாங்கும் சக்தியை அவரது உடல் இழந்து விடுகின்றது. மனமோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கின்றது. சிகிச்சை நிலையத்திலிருந்தோ சிறைச்சாலையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களில் அளவு மீறிய பாவனையினால் ஏற்படும் மரணங்கள் பல நாடுகளிலும் அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே முக்கிய காரணமாகும். ஐஸ் பாவனையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அதற்கு ஹெரோயினுக்கு உள்ளது போன்ற மாற்று மருந்து எதுவும் நிலைபெறவில்லை. உறக்கமின்மையும் சோர்வும் சந்தேகமும் மாதக் கணக்கில் நீடிக்கின்றன. இவ்விரு வகையினருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. சிகிச்சைக்கும் வீட்டுக்கும் இடையில், போதை இல்லாத ஒரு கூரையின் கீழ், தம்மைப் போன்ற சிலருடன் சில மாதங்கள் வாழ்ந்து பழகுவதற்கான இடமே அது.

அமெரிக்காவில் இத்தகைய இடங்கள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. 'சோபர் ஹோம்' என்று அங்கே வழங்கப்படும் இவற்றை நாம் இக்கட்டுரையில் மீள்வோர் இல்லங்கள் என்று குறிப்பிடுவோம். இவை வைத்தியசாலைகளுமல்ல, சிறைகளுமல்ல. சாதாரண குடியிருப்புத் தெருவில் உள்ள சாதாரண வீடுகளே. இவற்றின் வரலாற்றில் மிகவும் உயர்ந்ததொரு முயற்சியும் மிகவும் கீழ்த்தரமானதொரு மோசடியும் அருகருகே காணப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே, ஓர் இல்லத்தைத் தெரிவு செய்யும் குடும்பம் எதனைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாகின்றது.

முதலாவது கதை 1975 ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் தொடங்குகின்றது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு கொண்டிருந்தவர்கள் தங்கியிருந்த ஓர் அரச இடைத்தங்கல் இல்லம் மூடப்படவிருந்தது. அங்கே தங்கியிருந்தவர்களில் ஒருவர் போல் மொலோய். அமெரிக்க செனற் சபையின் குழுவொன்றில் பணியாற்றிய சட்டத்தரணியான இவர், குடியினால் யாவற்றையும் இழந்திருந்தார். தெருவுக்குச் செல்வதற்குப் பதிலாக இவர்கள் சேர்ந்து அந்த வீட்டைத் தாமே வாடகைக்கு எடுத்துக் கொண்டார்கள். அதற்கு ஒக்ஸ்போர்ட் ஹவுஸ் என்று பெயரிட்டார்கள். விதிகள் மிகச் சிலவே. வீட்டை அதில் வாழ்வோரே வாக்களித்து நிர்வகிக்க வேண்டும். வாடகையையும் செலவையும் ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் செலுத்த வேண்டும். மீண்டும் பாவிப்பவர் வெளியேற வேண்டும். இவற்றைக் கடைப்பிடிக்கும் வரை எவ்வளவு காலமும் தங்கலாம். சம்பளம் பெறும் முகாமையாளர் எவரும் இல்லை. பொருளாளர் பதவியும் சுழற்சி முறையில் மாறி வருவதாகும். நேற்று வரை வீட்டுப் பணத்தைத் திருடியவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் இன்று ஒரு வீட்டின் காசோலைப் புத்தகத்தை ஒப்படைப்பது எமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் நம்பப்படுவது கூடச் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை அந்த மனிதர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

1988 ஆம் ஆண்டில் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம், இத்தகைய வீடுகளை ஆரம்பிப்பதற்கு 4,000 டொலர் வரை கடன் வழங்கும் சுழல் நிதியங்களை மாநிலங்கள் அமைப்பதற்கு வழி செய்தது. மானியமாக அல்லாமல், வீட்டில் வாழ்வோர் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவே அது வழங்கப்பட்டது. மொலோய் 2022 இல் காலமான போது இவ்வீடுகளின் எண்ணிக்கை 3,000 ஐத் தாண்டியிருந்தது.

இந்த முறை பயன் தருகின்றதா என்பதும் பரிசோதிக்கப்பட்டிருக்கின்றது. சிக்காகோவிலுள்ள டிபோல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிகிச்சை முடித்து வெளியேறிய 150 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கினர். ஒரு பிரிவினர் ஒக்ஸ்போர்ட் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் வழமை போல் வீடு திரும்பி வெளிநோயாளர் பராமரிப்பைப் பெற்றனர். இரண்டு ஆண்டுகளின் பின்னர் முதற் பிரிவினரில் ஏறத்தாழ 31 சதவீதமானோரும், மற்றப் பிரிவினரில் ஏறத்தாழ 65 சதவீதமானோரும் போதைப் பாவனையில் இருந்தமை கண்டறியப்பட்டது. முதற் பிரிவினரின் மாத வருமானமும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2006 இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஒரு நகரின் அனுபவத்தை உலகுக்கெல்லாம் பொருத்திவிட முடியாது. எனினும் சிகிச்சையின் பின்னர் ஒருவர் எங்கே உறங்குகின்றார் என்பது, சிகிச்சையில் என்ன நடந்தது என்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது என்பதை அது உணர்த்துகின்றது.

இரண்டாவது கதை பணம் நுழைந்த கதையாகும்.

2008 இலும் 2010 இலும் அமெரிக்காவில் கொண்டு வரப்பட்ட சட்டங்கள், காப்புறுதி நிறுவனங்கள் போதைச் சிகிச்சைக்கும் ஏனைய நோய்களுக்கு ஒப்பான கொடுப்பனவை வழங்க வேண்டும் என்ற நிலையை ஏற்படுத்தின. நோக்கம் மிகவும் நல்லது. ஆனால் அதன் பயனாக, போதைக்கு அடிமையான ஒவ்வோர் இளைஞனும் நடமாடும் காப்புறுதி அட்டையாக மாறினான். புளோரிடா மாநிலத்தின் தென்பகுதியில், டெல்ரே பீச் போன்ற கடற்கரை நகரங்களில், மீள்வோர் இல்லங்கள் காளான்கள் போல் முளைத்தன. வாடகை வேண்டாம், சாப்பாடு இலவசம், கைத்தொலைபேசியும் தருகின்றோம் என்று இளைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் குறிப்பிட்ட ஒரு சிகிச்சை நிலையத்துக்கு நாளாந்தம் செல்ல வேண்டும். அந்த நிலையம் தலைக்கு இவ்வளவு என்று இல்ல உரிமையாளருக்குத் தரகு வழங்கியது. சில டொலர் பெறுமதியான கிண்ணத்தில் செய்யக்கூடிய சிறுநீர்ப் பரிசோதனை, ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு ஆயிரக்கணக்கான டொலருக்குப் பற்றுச்சீட்டு எழுதப்பட்டது. 'திரவத் தங்கம்' என்று அந்த வட்டாரத்தில் சிறுநீருக்குப் பெயர் வழங்கியதாம்.

இந்த வியாபாரத்தில் நோயாளி குணமடைவது நட்டமாகும். மீண்டும் விழுந்தால் காப்புறுதிக் கொடுப்பனவும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எனவே விழுவதற்கான ஏற்பாடுகளையும் சிலர் செய்து கொடுத்தார்கள். பாம் பீச் மாவட்ட அரச வழக்குத் தொடுநர் அலுவலகம் 2016 இல் விசேட செயலணி ஒன்றை அமைத்தது. 2017 இல் இல்ல நடத்துநர் ஒருவருக்கு 27 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தரகுக் கொடுப்பனவைக் குற்றமாக்கும் சமஷ்டிச் சட்டம் 2018 இல் வந்தது. இத்துடன் விடயம் அடங்கிவிடும் என்று பலரும் எண்ணியிருந்த வேளையிலேயே அரிசோனா வெடித்தது.

2023 மே மாதத்தில் அரிசோனா மாநில ஆளுநர் கேற்றி ஹொப்ஸும் சட்டமா அதிபர் கிறிஸ் மேயஸும் கூட்டாக வெளியிட்ட அறிவிப்பு, அந்நாட்டின் பூர்வகுடி மக்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்ததை உலகுக்குத் தெரிவித்தது. ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதியின் கீழ், பூர்வகுடி மக்களுக்கென ஒரு தனித் திட்டம் அங்கே உண்டு. அதில் சேவை வழங்குவோர் நேரடியாகப் பற்றுச்சீட்டு அனுப்பிப் பணம் பெறலாம். சில சேவைகளுக்கு உச்சவரம்பு விலை கூட நிர்ணயிக்கப்பட்டிருக்கவில்லை. இந்த ஓட்டையைக் கண்டவர்கள் பீனிக்ஸ் நகரில் வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். வாகனங்களை நவாஹோ முதலிய பூர்வகுடி நிலப்பகுதிகளுக்கு அனுப்பினார்கள். சந்தைகளிலும் வீதியோரங்களிலும் நின்றவர்களிடம் தங்குமிடம், உணவு, சிகிச்சை எல்லாம் இலவசம் என்று கூறி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பல மணி நேரப் பயணத்தின் பின்னர் அறிமுகமற்ற நகரில் இறக்கப்பட்ட அம்மக்களில் பலருக்குத் தாம் எந்தத் தெருவில் இருக்கின்றோம் என்பதே தெரியாதிருந்தது. சில வீடுகளில் தாராளமாகக் குடிக்க அனுமதிக்கப்பட்டது. சிகிச்சை என்ற பெயரில் நடந்தது வெறும் கையொப்பம் வாங்குதலே. இறந்தவர்களின் பெயரிலும், சிறையில் இருந்தவர்களின் பெயரிலும் பற்றுச்சீட்டுகள் போயின.

கணக்கைப் பாருங்கள். வெளிநோயாளர் மனநலச் சிகிச்சை நிலையங்களுக்கான கொடுப்பனவு 2019 நிதியாண்டில் 53.5 மில்லியன் டொலராக இருந்து 2022 இல் 668 மில்லியன் டொலராக உயர்ந்தது. மூன்றாண்டுகளில் பன்னிரண்டு மடங்கு. இந்த உயர்வைக் கண்டு கேள்வி கேட்பதற்கு ஒரு பெரிய புலனாய்வாளர் தேவையில்லை. ஒரு சாதாரண எழுதுவினைஞர் போதும். மோசடியினால் மாநிலம் இழந்த தொகை 2 பில்லியன் டொலருக்கும் அதிகம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. பணத்தை விடக் கொடுமையான கணக்கும் உண்டு. 2022 இன் வசந்த காலத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலப்பகுதியில், பீனிக்ஸ் பகுதியின் இத்தகைய இல்லங்களிலும் சிகிச்சை நிலையங்களிலும் தங்கியிருந்த பூர்வகுடி மக்களில் குறைந்தது 40 பேர் உயிரிழந்ததாகப் பத்திரிகையாளர்களின் புலனாய்வு 2025 இல் வெளிப்படுத்தியது.

அரசாங்கம் விழித்துக்கொண்ட விதமும் துன்பத்தையே கூட்டியது. நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கான கொடுப்பனவு நிறுத்தப்பட்டதும், இல்ல உரிமையாளர்கள் கதவைச் சாத்திவிட்டுச் சென்றார்கள். உள்ளே இருந்தவர்கள் பீனிக்ஸ் நகரின் கோடை வெயிலில் தெருவில் விடப்பட்டார்கள். நவாஹோ தேசத்தின் நிர்வாகமே தன் பொலிஸாரையும் பணியாளரையும் அனுப்பித் தன் பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. அரிசோனாவில் மீள்வோர் இல்லங்களுக்கு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்ற விதி 2019 இலிருந்தே நடைமுறையில் இருந்து வந்தது. அதாவது, சுவரில் தொங்கிய அனுமதிப்பத்திரம் எவரையும் காப்பாற்றவில்லை.

இவ்விரு கதைகளுக்கும் இடையிலான வேறுபாடு எங்கே இருக்கின்றது? நல்லவர்களும் கெட்டவர்களும் என்று கூறிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது விளக்கமாகாது. ஒக்ஸ்போர்ட் இல்லத்தில் வாழ்பவரே வாடகை கொடுக்கின்றார். ஆதலால் வீடு அவருக்குக் கட்டுப்பட்டது. அரிசோனாவில் அவருக்காக வேறொருவர் பணம் கொடுத்தார். ஆதலால் அவர் சரக்கானார். எனவே ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்லும் தாயோ தந்தையோ சகோதரரோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வீட்டுக்கு யார், எதற்காகப் பணம் கொடுக்கின்றார்கள் என்பதே. கட்டணம் கூடுதலாக இருப்பது பற்றியே எமது மக்கள் அஞ்சுவார்கள். யாவும் இலவசம் என்று சொல்லப்படும் இடத்தில் அதை விடக் கூடுதலாக அஞ்ச வேண்டியிருக்கின்றது. தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் உண்மையான இலவச இல்லங்களும் உண்டு. அவற்றில் நன்கொடைக் கணக்கைக் கேட்டால் காட்டுவார்கள்.

அடுத்தது, உள்ளே வருபவர் வெளியே செல்லக் கூடியவரா என்பது. தொலைபேசியை முழுமையாகப் பறித்து வைத்தல், அடையாள அட்டையை உரிமையாளர் தம் பெட்டியில் பூட்டி வைத்தல், முதல் சில மாதங்களுக்குப் பெற்றோர் பார்க்கவே வரக்கூடாது என்று விதித்தல் ஆகியன கட்டுப்பாடு என்ற பெயரில் எமது நாட்டிலும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. இரவு இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், வாரத்துக்கு ஒரு முறை பரிசோதனை, சமையலிலும் துப்புரவிலும் பங்கு என்பன நியாயமான கட்டுப்பாடுகள். அடியும் சங்கிலியும் பட்டினியும் எந்தச் சிகிச்சை நூலிலும் இல்லை. பெற்றோரில் சிலர், இரண்டு அடி போட்டாலாவது திருந்தட்டும் என்று தாமே அனுமதி கொடுத்துவிட்டு வருவதையும் நாம் அறிவோம். அந்த அனுமதியை வழங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

மீண்டும் பாவித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். இக்கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் இருந்தே அந்த இல்லத்தின் தன்மையை ஓரளவு எடைபோட்டு விடலாம். 'எங்களிடம் அப்படி நடப்பதில்லை' என்று பதில் வருமாயின் எழுந்து வந்துவிடுவது நல்லது. ஒக்ஸ்போர்ட் இல்லத்தின் உடனடி வெளியேற்ற விதி மற்றவர்களைப் பாதுகாக்கின்றது என்பது உண்மை. ஆனால் நள்ளிரவில் ஒருவரைத் தெருவில் விடுவது, முன்னர் குறிப்பிட்ட மரண ஆபத்தின் மத்தியில் அவரைத் தள்ளுவதற்குச் சமம். இந்த விடயத்தில் அமெரிக்க இல்லங்களைக் கண்ணை மூடிப் பின்பற்ற நாம் விரும்பவில்லை. வெளியேற்ற வேண்டியவரை வைத்தியசாலைக்கோ குடும்பத்தினரிடமோ ஒப்படைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. ஹெரோயின் பழக்கத்துக்கு மெதடோன், புப்ரனோர்பின் ஆகிய மருந்துகள் மரணத்தைக் குறைக்கின்றன என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் 'இதுவும் ஒரு போதைதானே' என்று கூறி அவற்றை உட்கொள்வோரை ஏற்க மறுக்கும் இல்லங்கள் அமெரிக்காவில் ஏராளம். இது மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை மீறுவதாக அமையலாம் என்று அந்நாட்டின் நீதித் திணைக்களம் 2022 இல் தெளிவுபடுத்த வேண்டியேற்பட்டது. எமது நாட்டிலோ மனநல மருந்துகளைக் கூட நிறுத்திவிட்டுப் பிரார்த்தனையும் தியானமும் போதும் என்று கூறுவோர் உள்ளனர். பிரார்த்தனை வேண்டியவர் செய்யட்டும். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தும் அதிகாரம் வைத்தியருக்கே உரியது. அதே போன்று, நாள்தோறும் கசிப்போ சாராயமோ அருந்தி வந்த ஒருவரை வைத்தியசாலையில் காட்டாமல் நேரே ஓர் இல்லத்தில் கொண்டு போய் அடைப்பதும் உயிருடன் விளையாடுவதாகும். மதுவைத் திடீரென நிறுத்துகையில் ஏற்படும் வலிப்பும் சன்னியும் சில வேளைகளில் உயிரைப் பறித்துவிடும். மீள்வோர் இல்லம் சிகிச்சைக்குப் பின்னர் வருவது. சிகிச்சைக்குப் பதிலாக வருவது அன்று.

இனி எமது நிலைமைக்கு வருவோம்.

இலங்கையில் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 இல் நிறுவப்பட்டது. அது நீண்டகாலமாக நடத்தி வந்த வதிவிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அமைந்திருந்தன. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ அங்கே செல்லும் ஒருவர், மொழி புரியாத இடத்தில் தம் உள்ளத்தைத் திறந்து பேச வேண்டியிருந்தது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை மற்றும் புனர்வாழ்வுக்கான 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், தனியார் சிகிச்சை நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று கூறுவதோடு, கட்டாயச் சிகிச்சைக்கும் இடமளிக்கின்றது. நீதிமன்ற உத்தரவின் பேரில் அனுப்பப்படும் பலர் சென்று சேர்ந்த இடம் பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு. முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வளிக்கப் பயன்பட்ட அதே இடம், இராணுவத்தினரின் பங்களிப்புடன் போதைப் புனர்வாழ்வு நிலையமாகவும் இயங்கி வந்தது. 2022 ஜூன் மாத இறுதியில் அங்கே ஒருவர் உயிரிழந்ததையடுத்து மோதல் ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய சம்பவத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டில் முன்வைக்கப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானோரையும் முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானது எனக் கண்டு திருத்தங்களை வலியுறுத்திய பின்னரே, 2023 ஜனவரியில் அது சட்டமாக நிறைவேறியது.

நோயாளியையும் சந்தேகநபரையும் ஒரே கண்ணால் பார்க்கும் இந்தப் பழக்கம் எந்த ஆட்சியோடும் தொடங்கியதல்ல. 2023 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்ட 'யுக்திய' நடவடிக்கையின் போது நாளாந்தம் கைது செய்யப்பட்டோரின் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசிய வேலைத்திட்டம் ஆரம்பமானது. கைப்பற்றப்பட்ட கிலோகிராம்களின் கணக்கு எமக்குத் தவறாமல் கிடைக்கின்றது. புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து வெளியேறியவர்களில் ஓராண்டின் பின்னர் எத்தனை பேர் போதையின்றித் தொழில் செய்து வாழ்கின்றார்கள் என்ற கணக்கு நாளேடுகளின் மேசைக்கு வந்து சேர்வதில்லை. சிகிச்சையின் பின்னர் தங்கி வாழும் இல்லம் என்பது கொள்கை விவாதங்களில் இடம்பெறுவதும் அரிது.

இந்த வெற்றிடத்தை எமது சமூகம் தனது சொந்த வழிகளில் நிரப்பி வருகின்றது. பையனைக் கொழும்பிலுள்ள மாமன் வீட்டுக்கு அனுப்புவது ஒரு வழி. காணியை ஈடு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் திருந்திவிடுவான் என்பது இன்னொரு வழி. பனியும் தனிமையும் கையில் புதிதாகப் பணமும் உள்ள ஓர் அந்நிய நகரம், மீண்டு வருபவனுக்கு எத்தகைய இடம் என்பதை எவரும் யோசிப்பதில்லை. எல்லாவற்றிலும் கொடியது, கலியாணம் ஒன்றைச் செய்து வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்ற மூன்றாவது வழி. உண்மை மறைக்கப்பட்டுச் சீதனமும் பெறப்பட்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கையே மீள்வோர் இல்லமாக மாற்றப்படுகின்றது. அந்த இல்லத்துக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. விழுந்துவிட்டால் பழியும் அவள் மீதே விழுகின்றது. போதைக்கு அடிமையான பெண்களின் நிலை இதனிலும் மோசம். அவர்களைப் பற்றிக் குடும்பத்துக்குள் கூடப் பேசப்படுவதில்லை. பிள்ளைகளோடு தங்கக் கூடிய இல்லம் எங்கே இருக்கின்றது என்று கேட்டால் பதில் சொல்வோர் மிகச் சிலரே.

எமது நாட்டில் காப்புறுதி மோசடிக்கு இடமில்லை என்று ஒருவர் ஆறுதலடையலாம். ஆனால் அரிசோனாவில் அடிப்படையாக அமைந்தவை காப்புறுதியோடு மட்டும் சம்பந்தப்பட்டவையல்ல. வேறு வழியறியாத குடும்பம், மேற்பார்வையற்ற வீடு, தொலைவிலிருந்து வரும் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அங்கே நடந்தது. இம்மூன்றும் எம்மிடமும் உள்ளன. தொலைவிலிருந்து வரும் பணம் எமக்குப் புலம்பெயர் உறவுகளிடமிருந்து வருகின்றது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் அண்ணன் மாதந்தோறும் பணம் அனுப்புகின்றார். தம்பி ஏதோ ஒரு நிலையத்தில் இருக்கின்றான் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. படம் ஒன்று அனுப்பினால் போதும் என்ற நிலையில் அவர் இருக்கின்றார். அவர் கேட்க வேண்டியது படத்தையன்று. பிரதேச செயலகத்தில் அந்த நிலையம் பற்றி என்ன தெரிந்திருக்கின்றது, வைத்தியர் யார், மாதத்தில் எத்தனை நாட்கள் வருகின்றார், அங்கிருந்து வெளியேறிய இரண்டு பேருடன் நான் பேசலாமா என்பனவற்றையே.

அரசாங்கம் செய்யக்கூடியவற்றில் பெரும் செலவற்றவை சில உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்ற நிலையங்களின் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளிலும் ஒட்டி வைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமானது. நிலையங்களுக்கு முன்னறிவித்தலின்றிச் சென்று பார்க்கும் அதிகாரத்தை, பொலிஸுக்கோ இராணுவத்துக்கோ வழங்காமல், மாவட்ட மனநல வைத்திய அதிகாரியையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் கொண்ட ஒரு சிறு குழுவுக்கு வழங்கலாம். வதிவிடச் சிகிச்சையை முடித்து வெளியேறும் ஒவ்வொருவரையும் அவருடைய பகுதியிலுள்ள மனநலப் பிரிவுக்குப் பெயர் குறித்து ஒப்படைப்பதும் அவ்வாறே. அமெரிக்காவின் 4,000 டொலர் கடனைப் போன்று, ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டின் முற்பணத்தைச் செலுத்துவதற்கான சிறு கடனைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாக வழங்குவதும் சாத்தியமே. வடக்கின் கூட்டுறவுப் பாரம்பரியம் இதை விடப் பெரிய சுமைகளைச் சுமந்திருக்கின்றது.

அவ்வாறு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஐந்தாறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க முற்பட்டால், முதல் எதிர்ப்பு அந்த ஒழுங்கையிலிருந்தே எழும். பெண்பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இவர்களா என்று கேட்பார்கள். கேட்பவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பட்ட அனுபவம் அப்படி. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள எட்மண்ட்ஸ் என்ற நகரிலும் இதுவே நடந்தது. உறவினரல்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரு குடும்ப வீட்டில் வசிக்கக் கூடாது என்ற நகர விதியைக் காட்டி, அங்கிருந்த ஒக்ஸ்போர்ட் இல்லத்தை அகற்ற நகரசபை முற்பட்டது. வழக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த விதி, வீடமைப்பில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றதல்ல என்று 1995 இல் நீதியரசர்கள் ஆறுக்கு மூன்று என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தனர். இங்கே அப்படியொரு வழக்குக்குப் போகும் வலு அந்த ஐந்தாறு பேருக்கும் இருக்காது. வீட்டு உரிமையாளர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கேட்டால், அவர்கள் திரும்ப வேண்டியது பழைய சந்திக்கே.